இருபத்தெட்டு அடிப் பீலி

செப்டம்பர் 30, சனி

கூரைக்குப் பீலி பார்க்கப் பண்டாரவளை டவுனுக்குப் போய் வந்தேன். கூரைத் தண்ணீரை ஏந்தி ஒரு பக்கமாகக் கொண்டுபோய் விடுகிற சாமானுக்கு இத்தனை ஜாதி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நஸீர் நானா கடையில் மட்டும் நான்கு வகை. தகரத்தை மடித்துச் செய்தது ஒன்று. வெள்ளை பிளாஸ்டிக்கில் அரைவட்டம், அதிலேயே சதுரம். அப்புறம் மெஷினோடு வீட்டுக்கே வந்து, ஒட்டு இல்லாமல் ஒரே நீளமாக இழுத்துக் கொடுக்கிற அலுமினியம்.

“தகரம் நாலு வருஷத்துல ஒட்டுல துரு புடிச்சிடும், தப்பால். அரைவட்டம் பார்க்க வடிவு, ஆனா ஒங்கட மலை மழைக்குத் தாங்காது. எத்தன அடி வேணும்?” என்று கேட்டார் நானா. தபால்காரன் என்பதால் நான் அவருக்குத் ‘தப்பால்’.

நான் அளந்துகொண்டு போகவில்லை. அளவில்லாமல் பீலி வாங்கப் போகிற மனிதன் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேற்று புஷ்பம் குவைத்திலிருந்து பேசியபோதும் இதே கதைதான். என் மனைவி அங்கே போய் நான்கு வருடம். அவள் யாரோ ஒருவர் வீட்டைக் கூட்டித் துடைத்ததில்தான் இங்கே எங்கள் வீடு எழும்பியது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றைக் காம்பராவை விட்டு வந்து ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. அதன் வாசற்படியை அவள் இன்னும் மிதித்ததில்லை. போனில் பார்த்ததோடு சரி. சுவரின் அடியில் சேறு தெறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னாங்க, வெள்ளச் செவுத்த இப்படியா வெச்சிருப்பீங்க? ஒரு பீலி போடக்கூடாதா?” என்றாள். டிசம்பரில் வருகிறாள்.

எனக்குப் பீலி வேண்டியது சேற்றுக்காக மட்டும் அல்ல. ஆகஸ்டில் அரசாங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டை அளந்தார்கள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஓடுகிற வெடிப்பைப் படம் எடுத்தார்கள். மழைத் தண்ணீர் இந்த மண்ணுக்குள் இறங்கவே கூடாது என்று அவர்களில் கண்ணாடி போட்டவர் சொன்னார். வேறு என்னென்னவோவும் சொன்னார். எனக்கு இது ஒன்றுதான் பிடித்திருந்தது. கூரைத் தண்ணீரை எல்லாம் பீலியில் பிடித்து வடிகால் கானுக்கு அனுப்பிவிட்டால் மண்ணுக்குள் எது இறங்கும்?

வெடிப்பில் என் சுண்டுவிரல் நுழைகிறது. மண் போட்டு மிதித்துவிட்டேன்.

ஒக்டோபர் 1, ஞாயிறு

மகள் தர்ஷியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். பின்பக்கம் இருபத்தெட்டு அடி.

“முன்பக்கத்துக்கு வேண்டாமாப்பா?”

முன்பக்கத் தண்ணீர் சீமெந்து முற்றத்தில் விழுந்து தானாகக் கானுக்குப் போகிறது என்றேன்.

“அப்ப பின்பக்கத் தண்ணி மட்டும் என்னா செய்யும்?”

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எல்லாம் எதற்கு? வாயை மூடிக்கொண்டு டேப்பைப் பிடி என்று கத்திவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் கடைக்குக் கூட்டிப்போய் டொபி வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் உடனே தின்னவில்லை.

ஒக்டோபர் 3, செவ்வாய்

தோட்டத்து ஒபீசுக்கு வருகிற தபாலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுப்பதோடு முடியாது. அரசாங்கக் கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். எங்கள் பிரிவில் அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைவு. நானே பிரித்து, வாசித்து, தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போவேன். பதினைந்து வருடமாக இதுதான் வழக்கம்.

இன்று கீழ்வீட்டு சிவபாக்கியம் அக்காவுக்கு ஒரு கடிதம். அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பன்னிரண்டு படி இறங்கினால் வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வரும்வரை தர்ஷி அங்கேதான் இருப்பாள். அக்கா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னா தம்பி எழுதியிருக்கான்?”

“வாக்காளர் பதிவு, அக்கா. பேரு சரியா இருக்கான்னு கேட்டிருக்காங்க. சரின்னு நானே சொல்லிடுறேன்.”

“எங்க வூட்டுக்காரரு பேரும் இருக்கா? அவரு நடக்க முடியாம கெடக்குறாருன்னு வெட்டிப்புடப் போறானுக.”

“மாரிமுத்து அண்ணன் பேரும் இருக்கு.”

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். சூடு அதிகமாக இருந்ததால் குடிக்காமல் வந்துவிட்டேன்.

எனக்கும் அதே மாதிரி ஒன்று போன வியாழக்கிழமை வந்தது. டயரியின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒக்டோபர் 6, வெள்ளி

புஷ்பம் பேசினாள். சதுரமா அலுமினியமா என்று கேட்டதற்கு, எதுவானாலும் வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றாள். திரைச்சீலைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறாளாம். ஜன்னல் அளவு கேட்டாள். சொன்னேன்.

“ஏங்க ஒங்க கொரலு ஒரு மாதிரி இருக்கு?”

சளி, தடிமன் என்றேன்.

ஒக்டோபர் 9, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வந்தேன். வெள்ளை பிளாஸ்டிக், சதுரம், ஆறு அங்குல அகலம்.

“அஞ்சு இஞ்சி போதும், தப்பால். கொழும்புல மாடி வீட்டுக்கே அஞ்சுதான் போடுற” என்றார் நானா.

“ஆறு தாங்க.”

“சும்மா பெருசு அது.”

“ஆறு!” என்றேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டார். தாங்குகிற கொக்கி இரண்டடிக்கு ஒன்று அடித்தால் போதும் என்றார். நான் அடிக்கு ஒன்று வாங்கினேன். ஒரு சொட்டுக்கூட அந்த மண்ணில் விழக் கூடாது.

ஒக்டோபர் 14, சனி

அந்தோனி பாஸ் வந்து பீலியை மாட்டினார். இந்த வீட்டை அத்திவாரத்திலிருந்து கட்டிய மேசன் அவர்தான். கொக்கியின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, “பீலி மாட்டுறோமா, பாலம் கட்டுறோமாங்க?” என்று கேட்டுச் சிரித்தார்.

வாட்டம் வைப்பதில்தான் வேலையே இருக்கிறது. பீலி கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒரு பக்கம் ஓட வேண்டும். பத்தடிக்கு அரை அங்குலம் இறக்கம். பாஸ் உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் ஒரு முனையை இந்த மூலையிலும் மற்ற முனையை அந்த மூலையிலும் பிடித்து மட்டம் பார்த்தார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்குமாம். “மனுசன் பொய் சொல்லுவான், இது சொல்லாதுங்க” என்றார். நான் பிளேன்டீ போட உள்ளே போய்விட்டேன்.

இறக்கம் வலது பக்கம். அங்கிருந்து பைப் இறங்கி, தண்ணீர் பிடிக்கிற நீல பரலுக்கு, பரல் நிரம்பினால் கானுக்கு. கான் வளைந்து சிவபாக்கியம் அக்கா வீட்டுப் பக்கமாக இறங்கி ஓடைக்குப் போகிறது.

ஒக்டோபர் 15, ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. பின்பக்கம் ஒரு சொட்டு விழவில்லை! தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடிப் பரலில் கொட்டுகிற சத்தத்தை நானும் தர்ஷியும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டோம். பல நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

ஒக்டோபர் 20, வெள்ளி

புஷ்பத்துக்குப் போனில் பீலியைக் காட்டினேன். மழையோடு சேர்த்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அங்கே மழையைப் பார்க்கவே முடிவதில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எவ்வளவு அழகா இருக்குங்க நம்ம வூடு.” இவளிடம் எந்த வாயால் என்னத்தைச் சொல்வது?

ஒக்டோபர் 24, செவ்வாய்

ஐந்து நாளாக விடாத மழை. குளியலறைக் கதவு நிலையில் இறுகிக்கொண்டது, சாத்த முடியவில்லை. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும். மேற்பக்கம் சீவிவிட்டேன். அறைச் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. புதுச் சுவருக்கு அது வரும். வெள்ளை பூசினேன்.

ஒக்டோபர் 26, வியாழன்

பீலி சரியில்லை. தண்ணீர் இடது முனைக்குப் போய் நின்று, மூடியைத் தாண்டி மண்ணில் கொட்டுகிறது. அதுவும் எங்கே? வெடிப்புக்கு ஐந்தடி பக்கத்தில். பாத்திரம், வாளி, அண்டா என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய் வைத்தேன். அவசரத்தில் ஒரு வாளியை என் காலிலேயே போட்டுக்கொண்டேன்.

அந்தோனி பாஸைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். வாட்டம் வைக்கத் தெரியாதவன் எதற்கு மேசன் வேலைக்கு வந்தாய் என்றுகூடக் கேட்டேன். சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

ஒக்டோபர் 28, சனி

வந்தார். கொக்கிகளைக் கழற்றி மறுபடி வாட்டம் வைத்தார். வழக்கமாகப் பாடிக்கொண்டே வேலை செய்கிற மனிதர், இன்று பாடவில்லை. “நான் வெச்ச கொக்கி வெச்ச எடத்துலதாங்க இருக்கு. ஒண்ணுகூட எளகல. எப்படித் தண்ணி திரும்பிச்சு?” என்று இரண்டு தரம் கேட்டார். உன் கைவேலை அப்படி என்றேன். எனக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

வெடிப்பில் இப்போது கை போகிறது. தர்ஷியிடம் கோழிக்கூட்டுப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். பாம்பு இருக்கிறது என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

மறுபடியும் இடது பக்கம் கொட்டுகிறது.

சிவபாக்கியம் அக்கா படியேறி வந்து, “கானுல செவப்பாத் தண்ணி வருதே தம்பி, மேல எங்கயாச்சும் மண்ணு வெட்டுறீங்களா?” என்று கேட்டார். கோழிக்கூட்டைச் சரிசெய்தேன் என்றேன். போகும்போது, “ஒங்களுக்கு என்னா மேலுக்கு முடியலையா? கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கு” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நவம்பர் 4, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் அந்தோனி பாஸ் வந்தார். பீலியில் கை வைக்கவே இல்லை. மட்டம் பார்க்கிற குழாயை எடுத்துக்கொண்டு நேராக வீட்டின் அடிக்குப் போனார். அத்திவாரத்தின் மேல் ஓடுகிற சீமெந்து வரி இருக்கிறதே, அதன் வலது மூலையில் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, இடது மூலையில் மறுமுனையை அவர் பிடித்தார். என் பக்கம் தண்ணீர் வரியோடு சரியாக நின்றது. தன் பக்கத்தை அவர் குனிந்து பார்த்தார்.

“மொனைய அங்கேயே கட்டிட்டு இங்க வந்து பாருங்க” என்றார்.

அவர் பக்கத்தில் தண்ணீர் வரிக்கு மேலே நின்றது. டேப்பை வைத்தார். மூன்றே முக்கால் அங்குலம்.

“இந்த அத்திவாரம் போட்டது நான். அன்னைக்கு இதே குழாயாலதான் மட்டம் பார்த்தேன். நூலு பிசகல. பீலி கோணல் இல்லைங்க. வூடுதான் சாஞ்சிக்கிட்டு இருக்கு. நான் ஒவ்வொரு வாட்டியும் பீலிய நிமித்துறேன், வூடு அதுபாட்டுக்குக் கீழ போகுது.”

கதவு ஊதியது என்று சீவினேன். சுவரில் கோடு என்று பூசினேன். எல்லாம் என் கையாலேயே செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று இந்தக் காகிதத்தில்கூட எழுத முடியவில்லை.

“கவர்மெண்டால ஏதும் கடதாசி வந்துச்சாங்க?” என்று கேட்டார் பாஸ்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையில் அந்தக் குழாய் இருந்தது. உள்ளே போய் டயரியின் பின்னட்டையிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தேன். “மண்சரிவு அபாயம். இந்த வீட்டிலும் இதற்குக் கீழே உள்ள வீட்டிலும் இருப்பவர்கள் மழைக்காலம் தொடங்குமுன் உடனடியாக வெளியேற வேண்டும்.” வாசித்துச் சொன்னேன். அதை நான் சத்தமாக வாசித்தது இதுதான் முதல் தடவை.

“கீழ உள்ள வூடா? அவுங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

பன்னிரண்டு படியும் இறங்கினேன். சிவபாக்கியம் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். தர்ஷி பக்கத்தில் உட்கார்ந்து மாரிமுத்து அண்ணனோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தாள். சொன்னேன். வாக்காளர் பதிவு இல்லை, அக்கா, இதுதான் எழுதியிருந்தது, ஒரு மாதமாகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டுவார், அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

“வாசிச்சது நீங்கதானே, தம்பி” என்றார். அவ்வளவுதான். சட்டியில் இருந்த அரிசியைத் தண்ணீரோடு அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“ஏன்யா மறச்ச?” என்று மாரிமுத்து அண்ணன்தான் கேட்டார்.

நீங்கள் வெளியேறினால் விஷயம் தோட்டம் முழுக்கப் பரவும், புஷ்பத்தின் காதுக்கும் போகும், நான்கு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டில் அவள் ஒருநாள்கூட இருக்க முடியாதே என்று பயந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு காரணம் மாதிரி ஆகிவிடும்.

மழை தூற ஆரம்பித்திருந்தது. மாரிமுத்து அண்ணனைக் கதிரையோடு தூக்கி நானும் பாஸும் பள்ளிக்கூடம்வரை நடந்தோம். பாதி வழியில் சேற்றில் என் கால் வழுக்கியது. பாஸ் நின்று, “மெதுவா வாங்க, நான் புடிச்சிருக்கேன்” என்றார். போன வாரம் நான் அவரைத் திட்டியதற்கு அவர் இதுவரை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறோம். அதிபர் இரண்டு அறை திறந்துவிட்டார். கிராம சேவகருக்குச் சொல்லியாயிற்று. தர்ஷி பாம்புக்காகவா வந்தோம் என்று கேட்டாள். பாம்பு இல்லை, மண் என்றேன். “எனக்குத் தெரியும்பா” என்றாள். நான் மண் போட்டு மிதிப்பதை அவள் ஜன்னலில் நின்று எத்தனை நாள் பார்த்திருக்கிறாளோ.

வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் வேலை வீட்டில் புஷ்பத்துக்குப் போன் தரமாட்டார்கள். ஆனாலும் எடுத்தேன். ஏழாவது தடவை எடுத்தாள். எடுத்த உடனேயே, “புள்ளைக்கு என்னா?” என்று கத்தினாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றதும் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன். சிவபாக்கியம் அக்காவிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

“அந்த வூட்ட நான் கண்ணால கண்டதில்ல” என்றாள். “எம் புள்ளைய நான் பெத்திருக்கேன். எதக் காப்பாத்த எதப் பணயம் வெச்சீங்க?”

போனை வைத்துவிட்டாள். அழவாவது செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பர் 7, செவ்வாய்

மத்தியானம் இரண்டு இருபதுக்கு மேடு இறங்கியது.

பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு நாய்கள் குரைத்தன. எங்கள் வீடு உடையவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டுபோய் சிவபாக்கியம் அக்கா வீட்டின் மேல் உட்கார்ந்தது, அதன்பிறகுதான் இரண்டும் சேர்ந்து மண்ணுக்குள் போயின. பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. வகுப்பறை வாங்கில் உட்கார்ந்து தர்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டேன்.

இரண்டு இருபது. பள்ளிக்கூடம் விட்டு அக்கா வீட்டில் அவள் சோறு தின்கிற நேரம்.

நவம்பர் 8, புதன்

எழுத முடியவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். பொலிஸார் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிவப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு நீளம் துருத்திக்கொண்டு நின்றது. என் பீலிதான். அடிக்கு ஒரு கொக்கி போட்டதால் கூரைச் சட்டத்தைவிட்டுக் கழலவில்லை. மழைத் தண்ணீர் அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோனி பாஸ் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டேன். “பீலிக்காகவா கேக்குறீங்க?” என்றார். திட்டியதற்கு என்றேன். “அத விடுங்க. கேக்க வேண்டிய எடம் வேற” என்றார்.

நவம்பர் 14, செவ்வாய்

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றார். தர்ஷிக்கு எப்போதும்போல் தலை வாரிப் பின்னிவிட்டார். என்னிடமும் முன்பு மாதிரியேதான் பேசுகிறார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

புஷ்பம் பேசினாள். தர்ஷியோடு மட்டும். டிசம்பர் பத்தொன்பது டிக்கெட். எங்கே வந்து இறங்குவாள் என்று பிள்ளை கேட்டதற்கு, “நீ இருக்குற எடத்துக்கு” என்றாளாம்.

நவம்பர் 21, செவ்வாய்

மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினேன். தபால் பையில் அரசாங்கக் கடிதம் ஒன்று. சிங்களத்தில், சிவபாக்கியம் அக்கா பெயருக்கு. மாற்றுக் காணி பற்றியதாக இருக்கும். பள்ளிக்கூட வாசலில் அக்கா நின்றிருந்தார். பதினைந்து வருடப் பழக்கத்தில் நான் உறையின் ஓரத்தைக் கிழிக்கப் போனேன்.

அக்கா கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

“டீச்சர் வரட்டும் தம்பி. அவுங்கள வாசிக்கச் சொல்லிக்கிறேன்.”

கோபமே இல்லாமல் சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்ட அதே குரல். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தேன். அங்கேயும் ஒரு கடிதம் கொடுக்க இருந்தது. அவர்களும் வாசிக்கச் சொல்லவில்லை.